ஒரு ரொட்டித் துணுக்கும் அறுபத்தோரு பேரும்

அட்டைக்காரரின் வாழ்க்கையை எழுதி வைக்கும் அளவுக்கு அவர் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. மலை ஏறவில்லை, சிறைக்குப் போகவில்லை, மேடையில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஐம்பத்து மூன்று வயதுக்குள் அவர் செய்த ஒரே காரியம், ஒரு மதியம் சாப்பிடும்போது ரொட்டித் துணுக்கு ஒன்றைக் கீழே சிந்தியது. அந்தத் துணுக்கை நம்பி ஒரு முழுக் கட்டடம் எழும்பிவிட்டது. ஆகவே எழுதித்தான் தீர வேண்டியிருக்கிறது.

அவர் தொழில், கட்டப்போகும் கட்டடங்களுக்கு முன்கூட்டியே அட்டையில் சிறு மாதிரி செய்வது. ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பிளேடு, பசை டப்பா, பச்சைச் சாயம் தோய்த்த ஸ்பஞ்சைப் பிய்த்துச் செய்த மரங்கள், அரிசி உயரத்தில் மனிதர்கள். இருபத்தாறு வருடமாக ஒரே மேசை. அவர் கீறிய கோடு மயிரிழை பிசகியது என்று யாரும் சொன்னதில்லை. சரியாக இருந்தது என்றும் யாரும் சொன்னதில்லை. மனைவியின் தம்பி மட்டும், யாராவது விசாரித்தால், "எங்க மாமா வருஷத்துக்கு நாப்பது பங்களா கட்றாரு. ஒண்ணுலயும் குடியிருக்க முடியாது, அவ்வளவுதான்" என்று பெருமையாகச் சொல்லி வைப்பான்.

அலுவலகத்தில் எல்லோரும் முதலாளி என்று அழைத்தவர்தான் கட்டடங்களை வடிவமைப்பவர். ஒரு காலத்தில் ஒழுங்காக நாலு சுவரும் ஒரு கூரையும் வரைந்துகொண்டிருந்த மனிதர். ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து நேர்கோட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாமல் போயிற்று. இயற்கை எப்படி வளர்கிறதோ அப்படியே கட்டடமும் வளர வேண்டும் என்றார். முதலில் சங்கு வந்தது. படிக்கட்டெல்லாம் சுற்றிச் சுற்றிப் போனதில் ஒரு வங்கி மேலாளர் தலை கிறுகிறுத்து விழுந்தார். அடுத்தது தேனடை. அறுகோண அறையில் பீரோவை எந்தச் சுவரோடு ஒட்டிப் போடுவது என்ற தகராறில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. கரையான் புற்றுக்குத் தானாகவே காற்றோட்டம் உண்டு என்று முதலாளி படித்த கோடையில் அலுவலகத்தின் ஏ.சி.யைக் கழற்றிவிட்டார்கள். "கரையானுக்கு வேர்க்குமா சார்?" என்று கேட்ட கணக்காளர் மறுவாரமே வேறு கிளைக்குப் போனார்.

அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை என்பது ஊழியர்கள் வைத்த பெயர். முதலாளி ஒரு கண்ணாடி வட்டில் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது சளிப்பூஞ்சை என்ற ஓர் உயிரினம். முட்டையின் மஞ்சள் கரு உடைந்து பரவியதுபோல இருக்கும். மூளை இல்லை, கண் இல்லை, வாய் இல்லை. ஆனால் நேரத்துக்குச் சாப்பாடு வைக்க வேண்டும், வெளிச்சம் படக் கூடாது, பக்கத்தில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது, அதன் குணத்தைப் பற்றி ஒரு குறை சொல்லக் கூடாது. இதைவிட என்ன பொருத்தம் வேண்டும் அந்தப் பெயருக்கு?

மாப்பிள்ளையின் திறமை இதுதான். ஒரு தட்டில் ஈரமான கூழைப் பரப்பி, அதன்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓட்ஸ் துணுக்குகளை வைத்தால், அவர் முதலில் எல்லாப் பக்கமும் விசிறிபோலப் பரவுவார். எங்கெங்கே தீனி என்று தெரிந்ததும், உபயோகமில்லாத பக்கத்திலிருந்தெல்லாம் தன்னை உருவிக்கொண்டு, தீனிக்கும் தீனிக்கும் நடுவே ஆகக் குறைந்த தூரத்தில் குழாய் போட்டுக்கொள்வார். போக்குவரத்து அதிகமுள்ள குழாய் தடிக்கும். இல்லாதது மெலிந்து சாகும். அறைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்ஸை வைத்துவிட்டால் நடைவழிகளை மாப்பிள்ளையே வரைந்து கொடுத்துவிடுவார் என்பது முதலாளியின் திட்டம். பத்துப் பொறியாளர்கள் பத்து மாதம் போடும் சண்டை முப்பத்தெட்டு மணி நேரத்தில் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

அப்போது கையில் இருந்தது பதிவேடுகள் அலுவலகத்தின் புதுக் கட்டடம். ஊரில் யார் பிறந்தாலும் இறந்தாலும் வீடு மாறினாலும் எழுதி வைக்கிற இடம். முப்பது அறைகள், முப்பது ஓட்ஸ். தலைமை அதிகாரி தட்டைப் பார்த்துவிட்டு, "ஹெட் கிளார்க்குக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணா?" என்று முகம் சுருக்கினார். அவருக்கு இரண்டு என்று முடிவாயிற்று. கழிவறைக்கும் ஒன்று வைக்க வேண்டும் என்று அட்டைக்காரர் நினைத்தார். சொல்லவில்லை.

தட்டுக்குக் காவல் அவர்தான். ஜன்னலில் கறுப்புத் துணி ஒட்டிய அறையில் உட்கார்ந்து மணிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். உள்ளே தின்பண்டம் கூடாது என்று பலகை மாட்டியிருந்தது. முந்தைய தட்டின் அருகே தும்மிய ஓர் ஊழியரை அன்றைக்கே சீட்டுக் கிழித்து அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் முதல் நாள் மதியம் பசி பொறுக்கவில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டியை அவசரமாக மென்று முடித்துவிட்டுப் படம் எடுக்கக் குனிந்தார். உதட்டில் ஒட்டியிருந்தது உதிர்ந்ததை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில், எந்த அறைக்கும் ஓட்ஸ் வைக்காத ஒரு மூலையில் மஞ்சள் மொய்த்துக் கிடந்தது. தட்டிலேயே தடித்த குழாய் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. உற்றுப் பார்த்தார். ரொட்டி. இடுக்கியோடு அவர் குனியவும் முதலாளி கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

"தொடாதீங்க!" முதலாளி தட்டின் முன்னால் முழங்கால் போட்டார். "பாத்தீங்களா? முப்பது ரூம் குடுத்தோம். நாம யாருமே யோசிக்காத ஒரு இடத்தை இது கேக்குது."

"சார், அது வந்து..."

"பேர் வெக்காதீங்க. வெச்சா செத்துரும்."

"இல்ல சார், அங்க ஒரு..."

"வெறுமை. அதானே சொல்ல வந்தீங்க? எனக்கும் அதான் தோணுச்சு."

அட்டைக்காரர் வாயைத் திறந்தார். எதிரே பலகை தெரிந்தது. மூடிக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது மணியில் வலைப்பின்னல் பார்க்க அழகாக இருந்தது. முதலாளி அந்தப் படத்தை வரைபடமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு தட்டில் நடந்தது அட்டைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். கைப்பழக்கத்தில் அறுபதாவது மணிவரை படம் எடுத்தார். மற்றக் குழாய்கள் ஒவ்வொன்றாக வற்றின. ஓட்ஸ்களெல்லாம் வெளுத்துத் தனியாகக் கிடக்க, மாப்பிள்ளை முழுவதும் ரொட்டிமேல் போய்க் குவிந்திருந்தார். பிறகு மூன்று நாள் விடுமுறை வந்தது. தட்டைக் கழுவ மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தபோது மஞ்சள் என்று எதுவுமே இல்லை. ரொட்டி இருந்த இடத்தில் மயிரிழைக் காம்புகளும், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புத் தலையும் நெருக்கமாக நின்றன. கடைசிப் படத்தை எடுத்துவிட்டு மெல்ல ஊதினார். தலைகள் உடைந்து புகைபோல வித்துத் தூசு கிளம்பியது. நாலு தும்மல் தும்மிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

நான்கு வருடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. மூலை என்று ஒன்று கிடையாது. நடைவழிகள் குழாய்போல வளைந்து, ஒன்றில் ஒன்று புகுந்து, வெளிறிய மஞ்சள் பூச்சோடு ஓடின. தடித்த நடைவழியின் முடிவில், ஜன்னல் இல்லாத, நாற்காலி இல்லாத, எதற்கும் உதவாத வட்ட அறை ஒன்று. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து அதற்குள் நின்று பார்த்துவிட்டுக் கண் கலங்கிப் போனார்கள். கழிவறைதான் யார் கண்ணிலும் படவில்லை.

அட்டைக்காரரின் மனைவி அந்தப் பதிவேடுகள் அலுவலகத்தின் இறப்புப் பிரிவில் எழுத்தர். ஊரில் யார் செத்தாலும் இவள் கையெழுத்தில்தான் சாக வேண்டும். அதனால் ஏற்பட்ட மனபாரமோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். யார் யாருடைய ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு தரவில்லை, ஹெட் கிளார்க்கின் புதுப் பல்செட் எந்த எழுத்துக்கு விசில் அடிக்கிறது, எல்லாம் வரும். இருபத்திரண்டு வருடமாக அட்டைக்காரர் அதை மின்விசிறிச் சத்தம்போல ஒரு காதில் வாங்கி உட்கார்ந்திருந்தார். மின்விசிறி நின்றால்தான் புழுக்கம் தெரியும் என்பார்களே, அப்படித்தான் ஆயிற்று. புதுக் கட்டடத்துக்குப் போன மூன்றாவது மாதத்திலிருந்து பேச்சு குறைந்தது. நான்காவது மாதம் வெறும் "ம்" மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் கண்ணாடி மாற்ற அவளைக் கூட்டிப் போவதற்காக மாலை நாலு மணிக்கு அலுவலகத்துக்குப் போனார். வாசலில் அவள் தம்பி காவலுக்கு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாமா. உங்க பொம்மை எப்படி வளந்துருச்சு பாத்தீங்களா?"

"அக்கா எங்கடா?"

"உள்ளதான். எல்லாருமே உள்ளதான். இங்க வந்ததுலேர்ந்து ஒருத்தரும் டீ குடிக்கக்கூட வெளிய வர்றதில்ல மாமா. எதிர்க்கடைக்காரர் என்னையே முறைக்கிறாரு, நான் ஏதோ ஆளுங்களைக் கட்டிப் போட்ட மாதிரி."

உள்ளே முதல் அறையில் ஆள் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திறந்த பேனா ஒன்று பதிவேட்டின்மேல் கிடந்து மை ஊறிக்கொண்டிருந்தது. இரண்டாவது அறையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது, நான்காவது, எங்கும் ஆள் இல்லை. நடைவழியில் இறங்கியதும் கால் தானாகப் போனது. தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் நிற்பதுதான் சிரமமாக இருந்தது, நடப்பது அல்ல.

வட்ட அறையில் எல்லோரும் நின்றார்கள். தோளோடு தோள் ஒட்டி, வட்டத்துக்குள் வட்டமாக, நடுவைப் பார்த்தபடி. ஒருவர் கையில் ஆறிப்போன டீ ஏடு படிந்திருந்தது. யாரும் பேசவில்லை. ஆனால் சும்மாவும் நிற்கவில்லை. மொத்தக் கூட்டமும் ஒரு நிமிடம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு முன்னே சாய்ந்தது, ஒரு நிமிடம் பின்னே சாய்ந்தது. அந்த அசைவை அட்டைக்காரர் எங்கே பார்த்தார் என்பது அவருக்கு உடனே நினைவுக்கு வந்துவிட்டது. பூதக்கண்ணாடிக்குக் கீழே, மஞ்சள் குழாய்க்குள், சாறு இப்படித்தான் போய்ப் போய்த் திரும்பும்.

மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகு மனைவி திரும்பினாள்.

"எப்ப வந்தீங்க?"

"இங்க என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்லையே."

பக்கத்திலிருந்த தலைமை அதிகாரி சட்டைக் கையை மடித்தபடி, "இங்க காத்து நல்லா வருது" என்றார். அறையில் ஒரு துவாரம்கூட இல்லை. கூட்டம் மெல்லக் கலைந்து, சாதாரணமாகச் செருமிக்கொண்டு, அவரவர் மேசைக்குப் போனது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றே வீட்டில் பழைய படங்களைத் தேடி எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். மறுநாளிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லி அலுவலகத்துக்குள் போய்ப் பார்த்தார். படத்தில் முதலில் வற்றிய குழாய், கட்டடத்தில் பழைய பதிவேட்டு அறைக்குப் போகும் நடைவழி. அங்கே விளக்கை அணைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை. தரைத் தூசியில் ஒரு காலடி கிடையாது. அடுத்து வற்றியது பொதுமக்கள் கூடம். அங்கே பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். தலைமை அதிகாரியின் இரண்டு ஓட்ஸும்கூட வெளுத்துவிட்டன. மனிதர் தன் அறைக்கே போவதில்லை. படத்துக்குப் படம் தேதி போட்டுப் பார்த்தார். எந்த இடத்திலும் கணக்கு பிசகவில்லை. அதே வேகத்தில் போனால், கறுப்புத் தலைகள் நிற்கும் அந்தக் கடைசிப் படம் வருகிற திங்கட்கிழமையில் வந்து விழுந்தது.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கூப்பிடாமலே முதலாளி அறைக்குள் போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

"ரொட்டியா?"

"ஆமா சார்."

"வெண்ணெய் தடவினதா, தடவாததா?"

"தடவினது சார்."

"அதான் குழாய் அவ்வளவு தடிப்பு." முதலாளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களையும் அறியாம நீங்க கை குடுத்துருக்கீங்க. நீங்களும் இயற்கைதானே?"

இத்தனை வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. அது இப்படி வந்து சேர்ந்ததில் அட்டைக்காரருக்குக் கொஞ்சம் அழுகையே வந்தது. "சார், அந்த ரூமை மூடிடணும். என் வொய்ஃப் அங்கதான் வேலை பாக்குது. திங்கக்கிழமைக்குள்ள..."

"மூடறதா? அடுத்த வாரம் பரிசுக் குழு வருது. அதுவும் இல்லாம, ஒரு வழியை மூடினா அது சும்மா இருக்காது. விட்டுப் போன துண்டு எங்க இருக்கோ அதுவரைக்கும் புதுசா வழி போட்டுக்கும். அதோட அழகே அதுல தான இருக்கு?"

அன்றைக்கே மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். "திங்கக்கிழமை நீ லீவு போடேன், என்ன?"

"எதுக்கு?"

"சும்மாதான். வீட்டுல இரேன் ஒரு நாள்."

அவள் யோசித்தாள். சோற்றுத் தட்டில் விரல் அசையாமல் நின்றது. "நான் இல்லைன்னா என் எடத்துல யாரு நிப்பா?" என்றாள். கோபமாக இல்லை. உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டதுபோல இருந்தது.

வியாழக்கிழமை மதியம் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் ஒரு அடி வந்தாள். அவளோடு அறுபது பேரும் ஒரு அடி வந்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. ஈரத் துணியின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் மொத்தத் துணியும் வருவதுபோல வந்தார்கள். கையை விட்டார். அறுபத்தோரு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

மாப்பிள்ளையைத் துண்டாக்குவது எப்படி என்பதில் அட்டைக்காரருக்கு அனுபவம் உண்டு. பிளேடால் வெட்டினால் மட்டும் போதாது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். நடுவே ஒரு தடுப்புச் செருக வேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, ஆள் உயரத்துக்கு வெட்டிய இரண்டு கனமான அட்டைகளைக் கையில் இடுக்கிக்கொண்டு வந்தார். வாசலில் மைத்துனனின் நாற்காலி காலியாக இருந்தது.

உள்ளே அவன் அக்காவின் இடது தோளோடு தோள் ஒட்டி நின்றான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அட்டைக்காரர் வலது பக்கம், ஹெட் கிளார்க்குக்கும் மனைவிக்கும் நடுவே, முதல் அட்டையை நுழைத்தார். துணிக்கும் துணிக்கும் இடையில் எதுவோ பிசுக்கென்று விட்டது. மாதிரிக்குக் கூரை ஒட்டும்போது காட்டும் நிதானத்தோடு அங்குலம் அங்குலமாக இறக்கினார். இரண்டாவது அட்டையோடு இடது பக்கம் வந்து மைத்துனனின் முகத்தைப் பார்த்தார். இருப்பது ஒரு அட்டை. அவனை உள்ளே வைத்து வெட்டினால் அவனுக்கு அடுத்து நிற்பவர், அவருக்கு அடுத்து நிற்பவர் என்று எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். இருவரையும் சேர்த்து இழுத்து, அதற்குள் மறுபடி கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டால்? அட்டையை அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே இறக்கினார்.

அவள் இருமினாள். தூங்கி எழுந்தவள்போலச் சுற்றிப் பார்த்தாள். "ஐய, என்னங்க இது, ஆபீஸுக்குள்ள அட்டையைத் தூக்கிட்டு? எல்லாரும் பாக்கிறாங்க." யாரும் பார்க்கவில்லை. அவளை வெளியே இழுத்த கணத்தில் அட்டைகள் சரிந்தன. ஹெட் கிளார்க்கின் தோளும் மைத்துனனின் தோளும் நெருங்கி வந்தன. ஒட்டவில்லை. ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டு அப்படியே நின்றன.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் பேசினாள். நான்கு மாதப் பாக்கியும் சேர்ந்து வந்தது. ஸ்டேப்ளர் திரும்பி வந்துவிட்டதாம், ஆனால் அது வேறு ஸ்டேப்ளராம். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட் கிளார்க் கையெழுத்துப் போட்டால் கையெழுத்தே மாறிவிடுகிறதாம். அட்டைக்காரர் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். நடுவே "அப்புறம்?" என்றுகூடச் சொன்னார். அவள் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு? கதையெல்லாம் கேக்கறீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"என் தம்பி எங்க? கேட்ல காணோமே."

"டீ குடிக்கப் போயிருப்பான்."

இனி அந்த வேலைக்கே போக வேண்டாம் என்றதற்கும் அதிசயமாக ஒப்புக்கொண்டாள். அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை பதினொரு மணி. நல்ல வெயில். மனைவி பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கியபடி, மாடிப் பிரிவில் இரண்டு பேருக்குள் நடந்த ஜன்னல் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவ மூடுவா, இவ திறப்பா. ஒரு நாள் என்ன ஆச்சு தெரியுமா, ஆபீசரே வந்து..." அங்கேயே பேச்சு நின்றது.

"வந்து?"

அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டைக்காரர் ஜன்னலுக்குப் போனார். தெருமுனையில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஓடவில்லை, விரையவில்லை. தெரு வளைகிற இடத்தில் அவர்கள் வளையவில்லை. மூலை வீட்டின் செடிகளுக்கு நடுவே புகுந்து, இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட சந்தில் ஒருவர் பின் ஒருவராக மெலிந்து, இந்தப் பக்கம் வந்ததும் மறுபடி தடித்தார்கள். ஆகக் குறைந்த தூரம் எதுவோ அந்த வழியில் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரைத் தாண்டியதில் தலைமை அதிகாரியின் கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்னால் மைத்துனன். வலது தோளை மட்டும் கொஞ்சம் விலக்கி, அந்தப் பக்கம் யாரோ நடந்து வருவதுபோல இடம் விட்டு வந்தான். எல்லோருக்கும் பின்னால், முன்னே போகிறவரின் தோளில் தோள் ஒட்ட, முதலாளி. இருபத்தாறு வருடத்தில் அவர் முகம் இவ்வளவு சாந்தமாக இருந்து அட்டைக்காரர் பார்த்ததில்லை.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். மேல் தாழ்ப்பாளையும் போட்டார். யாரும் தட்டவில்லை. கதவுதான் மெல்ல முனகியது, நிறையப் பேர் ஒரே சமயத்தில் அதன்மேல் சாய்ந்ததுபோல.

"மாமா." மைத்துனனின் குரல். எப்போதும்போல விளையாட்டுக் குரல்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா. ஒரு எடம் காலியா இருக்கு. அதான்."

"உங்க அக்கா வர மாட்டா. போங்கடா எல்லாரும்."

அட்டைக்காரர் திரும்பி முதுகைக் கதவில் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி நின்றார். மரத்தின் வழியே சூடு தெரிந்தது. ஒரு நிமிடம் கதவு உள்ளே அழுந்தியது. ஒரு நிமிடம் தளர்ந்தது. மறுபடி அழுந்தியது. மனைவி எழுந்து வந்தாள். வழியில் பரப்பியிருந்த பருப்பைச் சுற்றிக்கொண்டு வராமல் மிதித்துக்கொண்டு நேராக வந்தாள். வந்து அவர் பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நின்று, அவளும் கதவைத் தாங்கிக்கொண்டாள். நல்ல வேளை, உதவிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்கு மூச்சு வந்தது.

பிறகுதான் கவனித்தார். அவர் கதவில் சாய்த்திருந்தது முதுகை. அவள் சாய்த்திருந்தது முகத்தை. நெற்றியை மரத்தில் ஒட்டி, கண்ணை மூடி, அது அழுந்தும்போது அழுந்தினாள், தளரும்போது தளர்ந்தாள். ஆனால் கை மட்டும் தேடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக அவர் விரல்களுக்கு இடையில் புகுந்தன.

உதறிவிட்டு எட்டிப் போகலாம். போனால் அவள் அந்தப் பக்கத்து ஆள். அட்டைக்காரர் கையை எடுக்கவில்லை. சற்று நேரத்தில், தான் மூச்சு விடுவது எப்போது, கதவு விடுவது எப்போது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் போயிற்று.